வேலையை விடும் வேளை

மறைமலை நகரில் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்த நம்மை ஓர் இளைஞர் ஸலாம் கூறி நிறுத்தினார். நமக்குப் பழக்கமான குடும்பத்துப் பிள்ளை. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய கணினி நிறுவனம் ஒன்றில் ஆறாண்டுகளாகப் பணியில் இருப்பவர். மாதந்தவறாத சம்பளம், பெற்றோரையும் உள்ளடக்கிய மருத்துவக் காப்பீடு, அழைத்துச் செல்லவும் கொண்டுவந்து விடவும் வண்டி. குறையென்று சொல்ல யாதுமில்லை என்றே நாம் எண்ணியிருந்தோம். அவரோ தயங்கித் தயங்கி ஒரு வினாவை வைத்தார்: "மாமா, நான் வாங்குகிற சம்பளம் ஹலால்தானா?"

நாம் திடுக்கிட்டோம். வட்டிக் கணக்குப் பார்க்கும் வேலையோ என ஐயுற்று வினவினோம். அதுவன்று. வெளிநாட்டுக் கடை நிறுவனம் ஒன்றின் சரக்கிருப்பைக் கணக்கிடும் பழைய மென்பொருளைப் பராமரிப்பதே அவர் பணி. எங்கோ ஒரு கடையில் இருப்பும் கணக்கும் பொருந்தாமற் போனால் இங்கே அவருடைய திரையில் ஒரு முறையீடு வந்து விழும். 'டிக்கெட்' என்பது அவர்கள் வழக்கு. அவர் அதே மூன்று திரைகளைத் திறப்பார். அதே கட்டளையை இடுவார். சரிசெய்தாயிற்று என்று எழுதி மூடுவார். முதலாண்டில் ஒரு டிக்கெட்டுக்கு அரைநாள் ஆயிற்றாம். இப்போது ஏழு நிமிடம். காலை பதினொரு மணிக்கெல்லாம் அன்றைய வேலை முடிந்துவிடுகிறது.

மாலை ஆறு மணிவரை என்ன செய்வது? சில நிமிடங்கள் கை படாவிட்டால் திரையில் அவர் பெயரருகே இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். ஆள் இருக்கையில் இல்லையென்று மேலாளருக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஒரு கையில் கைப்பேசியை வைத்து எதையோ பார்த்துக்கொண்டு, மறுகையால் மவுஸை அவ்வப்போது அசைத்துக்கொண்டிருக்கிறார். "அந்த அசைப்புக்குத்தான் சம்பளம் வாங்குகிறேன் போலிருக்கிறது" என்றார்.

வேறு வேலை கேட்டுப் பார்க்கக்கூடாதா என்றோம். இருமுறை கேட்டிருக்கிறார். வெளிநாட்டு வாடிக்கையாளர் தலைக்கு இவ்வளவு என்று பணம் தருகிறார். இவரை அங்கிருந்து எடுத்தால் அந்த வருவாய் நின்றுவிடும். ஆகவே பொறுத்திரு என்பதே கிடைத்த மறுமொழி. சும்மா இருக்கும் மனிதனாலும் ஒருவருக்கு வருவாய் வரும் விந்தையை நாம் அன்றுதான் அறிந்தோம்.

மார்க்கத் தீர்ப்பு வழங்குவது ஆலிம்களின் பொறுப்பு. அதில் நாம் தலையிடோம். நம் சிற்றறிவுக்கு எட்டியவரை, கொடுத்த வேலையைக் குறைவின்றி முடித்து, மேலும் வேலை கேட்டுக் காத்திருப்பவன் கூலியைத் திருடியவன் ஆகான். இங்கேயே இரு என்று சொன்னவர்கள் வேலை கொடுத்தவர்கள்தாம். ஆனால் அந்தப் பச்சைப் புள்ளி? செய்யாததைச் செய்வதாகக் காட்டும் அந்தச் சிறு அசைவு? அது உள்ளத்தை உறுத்துகிறதென்றால் அந்த உறுத்தல் சரியானதே என்று அவரிடம் சொன்னோம். தொழில் ஓர் அமானிதம் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இவ்வளவாவது உறுத்தவேண்டும்.

எனினும் அவருடைய வினாவுக்குள் வேறொரு வினா ஒளிந்திருந்தது. இந்த வேலையை விட்டுவிடலாமா? விடுவதென்றால் எப்போது? இதை நேரே கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. ஏனென்றால் அவருடைய தந்தையாரும் நம் நண்பர்; அவர் என்ன சொல்லியிருக்கிறார் என்பது நமக்குத் தெரியும்.

அந்தப் பெரியவர் 1991 முதல் 2010 வரை தம்மாமில் ஒரு கிடங்கில் பெட்டிகளை எண்ணி எழுதும் பணியில் இருந்தவர். தந்தை கையால் எண்ணியதைத்தான் மகன் திரையில் எண்ணுகிறார் என்பது ஒரு வேடிக்கை. மகனுக்கு வேலை சலித்துவிட்டது என்று கேள்வியுற்றதும் அவர் நம்மிடம் பொரிந்து தள்ளினார். "பத்தொன்பது வருடம் பெட்டி எண்ணினேன். உனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று என்னை ஒருவராவது கேட்டதுண்டா? குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவனுக்குச் சலிப்பாம்!"

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் சென்ற நம் முன்னோருள் எத்தனை பேர் தாம் விரும்பிய வேலையைச் செய்தார்கள்? மூட்டை சுமந்தார்கள், கடையில் நின்றார்கள், பிறர் வீட்டு வண்டியை ஓட்டினார்கள். அந்த உழைப்பில்தான் பிள்ளைகள் பொறியியல் படித்தார்கள். படித்த பிள்ளை, 'இந்த வேலையில் என் அறிவுக்கு இரை இல்லை' என்று கூறும்போது, பெற்றவர் காதில் அது நன்றிகேடாகவே விழும். ரிஸ்கு அளிப்பவன் அல்லாஹ். அவன் அளித்ததைக் காலால் எற்றலாமா என்பது அவர்தம் கேள்வி. சலிப்பு என்பது வயிறு நிறைந்தவனுக்கு மட்டுமே வரும் நோய் என்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு.

இப்போது அப்படி எண்ணவில்லை. செக்குமாடு நாள்தோறும் பல காதம் நடக்கிறது. மாலையில் பார்த்தால் காலையில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆயினும் அந்த மாடு சுற்றியதால் எண்ணெயாவது வந்தது. இருபத்தெட்டு வயதில், கற்ற கல்வி ஒவ்வொன்றாக மறந்துகொண்டிருக்க, ஏழு நிமிட வேலையை ஏழு மணி நேரமாக நீட்டிக் காட்டும் இளைஞருக்கு உள்ளே என்ன நேர்கிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். உடல் உழைப்பில் தேய்ந்தவர் இரவில் உறங்கிவிடுவார். இவர் உறங்குவதில்லை என்று அவருடைய தாயார் கூறினார்.

இவ்வினாவை நம்மிடம் எழுப்பிய ஊரின் பெயரையே சற்று எண்ணிப் பார்ப்போம். சென்னையின் துணைநகரமாக எழுந்த இவ்வூர், மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1876இல் நாகப்பட்டினத்தில் வேதாசலமாகப் பிறந்த அவர், 1898 முதல் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றினார். கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக்கு அது இடம்பெயர்ந்தது 1937இல்தான். பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தபின், பல்கலைக்கழகத்தில் தமிழ் கட்டாயப் பாடம் என்ற நிலை நீங்கிற்று. 1911இல் அவர் கல்லூரியை விட்டார், பல்லாவரத்தில் குடியேறினார். வயது முப்பத்தைந்து, குடும்பமோ உண்டு. பின்னர் எழுதினார், இலங்கை வரை சென்று சொற்பொழிவாற்றினார், தம் பெயரையும் தனித்தமிழாக மாற்றிக்கொண்டார். அவர் கொள்கைகளில் நமக்கு உடன்பாடானவையும் உண்டு, அல்லாதனவும் உண்டு. அது இங்கே பேச்சன்று. எந்த வேலைக்காக அங்கே சென்றாரோ அந்த வேலை அங்கே சுருங்கியபோது, நாற்காலியை மட்டும் காத்துக்கொண்டிருக்க அவர் விரும்பவில்லை என்பதே நாம் காணவேண்டுவது. கடற்கரை நிலையத்திலிருந்து பல்லாவரம் வழியாக மறைமலை நகருக்கு நாள்தோறும் மின்தொடர் வண்டியில் வரும் இளைஞர்களுள் எத்தனை பேருக்கு இது தெரியுமோ, அறியோம்.

நிலையான வேலை என்று நாம் சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பதையும் இவ்வட்டாரமே நமக்குக் கற்பித்திருக்கிறது. திருப்பெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அங்கே வேலைக்குச் சேர்ந்த பெண்பிள்ளைகளை நம்பி வீட்டுக் கடன் வாங்கிய குடும்பங்கள் உண்டு. மறைமலை நகரின் அடையாளமாக இருந்த ஃபோர்டு ஆலை, இனி இந்தியாவில் கார் செய்வதில்லையென 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்ததைத் தொடர்ந்து, 2022இல் ஓய்ந்தது. ஏற்றுமதிக்காக மீண்டும் ஆலையைப் பயன்படுத்தும் எண்ணத்தை 2024இல்தான் தமிழ்நாட்டு அரசிடம் தெரிவித்தார்கள். கணினித் துறை இதற்கு விலக்கு என்று சிலர் நம்பியிருந்தார்கள். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் சுமார் 12,000 பேரை, அதாவது தன் ஊழியருள் நூற்றுக்கு இருவர் வீதம், குறைக்கப்போவதாகக் கூறியபோது அந்த நம்பிக்கையும் ஆட்டங்கண்டது. மூன்று திரையைத் திறந்து ஒரு கட்டளையிடும் வேலையை இயந்திரமே செய்யக் கற்றுக்கொண்டிருக்கும் காலம் இது. ஆக, 'சலித்தாலும் பத்திரமான வேலை' என்பது பாதிதான் உண்மை. சலிப்புத் தரும் வேலையே முதலில் பறிபோகும் வேலையாகவும் இருக்கக்கூடும். அந்நாளில் கையில் புதிதாகக் கற்றது ஒன்றுமில்லாமல் நிற்க நேரும்.

இவ்வளவும் வேலையை விடுவதற்குச் சாதகமாகவே பேசுவதாகத் தோன்றலாம். நம் நோக்கம் அதுவன்று. சலித்துவிட்டது என்பதற்காகவே மூன்று நிறுவனம் மாறி, மூன்றிலும் அதே சலிப்பைக் கண்ட ஒருவரையும் நாம் அறிவோம். அவர் ஒவ்வொரு முறையும் சம்பளத்தைக் கேட்டாரேயன்றி, அங்கே தமக்கு வரப்போகும் வேலை என்ன என்று கேட்கவில்லை.

இவ்விடத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கை நமக்கு வெளிச்சம் தருகிறது. அவர்கள் பதவி துறந்த வரலாற்றைப் பலரும் கேட்டிருப்போம். விட்டார்கள் என்பதைக் கேட்டோமேயன்றி, எப்படி விட்டார்கள் என்பதைக் கவனித்தவர் சிலரே. 1091இல், முப்பத்து மூன்று வயதளவில், பக்தாதின் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தில் தலைமைப் பேராசிரியர் பதவி அவர்களுக்குக் கிட்டியது. முந்நூறு மாணவர்கள், அரசவையில் மதிப்பு, அன்றைய இஸ்லாமிய உலகில் ஓர் அறிஞர் அடையக்கூடிய இடங்களுள் அதற்கு மேல் இல்லை என்னும்படியான இடம். அது சலிப்புத் தரும் வேலையே அன்று. எனினும், தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, புகழுக்காகவா என்று தம்மைத்தாமே கேட்டபோது வந்த விடை அவர்களை உலுக்கியது.

உடனே விட்டார்களா? இல்லை. ஹிஜ்ரி 488ஆம் ஆண்டு ரஜப் மாதம் தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் தத்தளித்தார்கள். காலையில் புறப்பட முடிவு செய்வார்கள். மாலையில் மனம் மாறிவிடும். இறுதியில் நா எழவில்லை, வகுப்பில் ஒரு சொல்லும் பேச முடியவில்லை, உணவு இறங்கவில்லை, மருத்துவர்கள் கைவிரித்தார்கள். இதையெல்லாம் தம் தன்வரலாற்று நூலில் ஒளிவுமறைவின்றி அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதையும், அவ்விலையை உடல் கொடுக்கிறது என்பதையும் இதைவிடத் தெளிவாகக் கூறிய இடத்தை நாம் வேறெங்கும் படித்ததில்லை. உறக்கமிழந்த அந்த இளைஞரை நாம் நினைத்துக்கொண்டதும் இங்கேதான்.

பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் நம் குடும்பங்கள் கவனிக்கவேண்டிய பகுதி. தம் செல்வத்தைப் பகிர்ந்தளித்தார்கள். ஆனால் தமக்கும் தம் மக்களுக்கும் போதுமான அளவை எடுத்துவைத்துவிட்டே அளித்தார்கள். வகுப்பை அந்தரத்தில் விடாமல் தம் தம்பி அஹ்மதை அவ்விடத்தில் அமர்த்தினார்கள். துறவு பூண்ட ஞானிக்கே பிள்ளைகளின் உணவு மறக்கவில்லையென்றால், நமக்கு எப்படி மறக்கலாம்? இன்னொன்றும் உண்டு. பதினொரு ஆண்டுகள் கழித்து, ஹிஜ்ரி 499இல், நிஷாப்பூரில் மீண்டும் கற்பிக்கும் பணியை ஏற்றார்கள். அதே தொழில், நிய்யத்து மட்டும் வேறு. விடுவதென்பது என்றென்றைக்குமான முறிவாகவே இருக்கவேண்டும் என்பதில்லை.

நிய்யத்து என்ற சொல்லைத் தொட்டுவிட்டோம். தொழுகைக்கு நிய்யத்து வைக்கிறோம், நோன்புக்கு வைக்கிறோம். வேலையில் சேரும்போதுகூடப் பலர் 'பிஸ்மில்லாஹ்' சொல்லி ஒரு நோக்கத்தோடுதான் சேர்கிறார்கள். ஆனால் ஓரிடத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்துகொண்டே இருப்பதற்கு யாரும் நிய்யத்து வைப்பதாகத் தெரியவில்லை. அது தானாக நடந்துவிடுகிறது. விடுவதற்குத்தான் காரணம் வேண்டும், இருப்பதற்குக் காரணம் வேண்டா என்றே எல்லாரும் எண்ணுகிறோம். நம் கருத்தில், இருப்பதற்கும் ஒரு நிய்யத்து வேண்டும். தங்கையின் நிகாஹ் முடியும்வரை இருக்கிறேன் என்பது ஒரு நிய்யத்து. கடனடையும்வரை என்பது ஒரு நிய்யத்து. மாலை நேரங்களில் வேறொன்றைக் கற்றுக்கொள்ள இந்த எளிய வேலை இடந்தருகிறது, அதற்காக ஓராண்டு இருக்கிறேன் என்பதும் ஒரு நிய்யத்துதான், அதுவும் மதிக்கத்தக்கது. இப்படி ஒன்று இருந்தால் சலிப்பும் பொறுக்கத் தக்கதாகிவிடும். எதற்காக இருக்கிறோம் என்ற கேள்விக்குச் சம்பளத் தேதியைத் தவிர வேறு விடை இல்லாத நாள்தான் வேலையை விடும் வேளை.

அந்த நாள் வந்துவிட்டது என்பதற்காக மறுநாளே கடிதம் கொடுக்கச் சொல்லவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் இறைவன்மேல் பொறுப்பைச் சாட்டவேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் அறிவோம். நம் இளைஞரின் வீட்டில் கட்டவேண்டிய ஒட்டகம் அவருடைய தாயாரின் மருத்துவச் செலவு. அந்த அம்மையாருக்கு நீரிழிவு; இப்போது நிறுவனக் காப்பீட்டில்தான் பார்க்கிறார்கள். மகன் வேலையை விட்ட அன்றே அது போய்விடும். தனியாகக் காப்பீடு எடுத்தாலும், முன்பே இருக்கும் நோய்க்கு மூன்றாண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். நான்காக இருந்த உச்சவரம்பை 2024இல்தான் மூன்றாகக் குறைத்தார்கள். ஆதலின், வேலையில் இருக்கும்போதே தாய்க்குத் தனிக்காப்பீடு எடுத்துவிடவேண்டும். அல்லது நிறுவனக் காப்பீட்டிலிருந்து தனிக்காப்பீட்டுக்கு மாற வழியுண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும். இதைச் செய்யாமல் வேலையை விட்டுவிட்டுத் தவக்குல் பேசுவது, தாயின் தலையில் கையை வைப்பதாகும்.

பணிக்கொடைக்கு ஐந்தாண்டு நிறையவேண்டும் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. நிரந்தர ஊழியருக்கு அவ்வரம்பு இன்றும் மாறவில்லை. இவருக்கு அது கடந்துவிட்டது. நாலரை ஆண்டில் நிற்பவர் சில மாதம் பொறுப்பதைப் பேராசை என்று யாரும் கூறமாட்டார்கள். கணினி நிறுவனங்கள் பலவற்றில் முன்னறிவிப்புக் காலம் தொண்ணூறு நாள்; புதிதாக எடுப்பவர்களோ அடுத்த மாதமே வா என்பார்கள். இந்த இடைவெளியில்தான் பொய்கள் பிறக்கின்றன. நேர்முகத் தேர்வுக்காக விடுப்பெடுக்கப் பாட்டியை இருமுறை மௌத்தாக்கிய பிள்ளைகளை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். சலிப்பான வேலையில் பச்சைப் புள்ளிக்காகப் பொய். அதை விட்டு வெளியேறவும் பொய் என்றால், வெளியேறியதில் மிச்சம் என்ன? சொந்த வேலை என்று சொல்லி விடுப்புக் கேட்டால் போதும். அந்தத் தொண்ணூறு நாளும் அடுத்து வருபவருக்குத் தெரிந்ததையெல்லாம் ஒழுங்காக எழுதிவைத்துவிட்டு வந்தால், ஆறாண்டுச் சம்பளத்தைப் பற்றிய உறுத்தலும் சற்றுக் குறையும்.

இஸ்திகாராத் தொழுதாயா என்று கேட்டோம். மூன்று இரவு தொழுதாராம். கனவு ஒன்றும் வரவில்லையாம். கனவு வந்தாகவேண்டும் என்று யார் சொன்னார்கள் என்று கேட்டு அனுப்பினோம். இஸ்திகாரா என்பது நம் ஆராய்ச்சிக்கும் மஷூராவுக்கும் மாற்றன்று. அறிந்தவரிடம் கேட்டு, கணக்குப் போட்டு, பிறகு நன்மையை நாடி இறைவனிடம் ஒப்படைப்பதே அது. அத்தாவிடம் மனம் விட்டுப் பேசினாயா என்ற நம் அடுத்த வினாவுக்கு அவர் தலைகுனிந்தார்.

ஆகவே, அடுத்த ஞாயிறு மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். தேநீர் வந்தது. பெரியவர் முதலில் பேசாதிருந்தார். மகன் தம் கணக்கை ஒரு தாளில் எழுதிவைத்திருந்தார்: எட்டு மாதச் செலவுக்கான சேமிப்பு, தாயாரின் காப்பீடு, ஒரகடத்து ஆலைகளில் இயந்திரங்களைக் கணினியோடு இணைக்கும் பணிக்காகத் தாம் கற்கத் தொடங்கியிருக்கும் பாடம், அதற்கு வேண்டிய காலம். அடியில், 'ஷவ்வால் மாதத்துக்குள் முடிவு' என்று எழுதியிருந்தது. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இருமுறை படித்தார். சம்பளம் முதலில் குறையுமா என்று கேட்டார். குறையும் என்றார் மகன். பெரியவர் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்றே நாம் எண்ணினோம்.

பழுப்பேறிய ஒரு கணக்குப் புத்தகத்தோடு திரும்பி வந்தார். தம்மாமில் வைத்திருந்தது. முதற்பக்கத்தின் மேலே, 'ஊர் திரும்புவது 1998' என்று எழுதி அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சிறிய எழுத்தில் 'தங்கை நிகாஹ்'. அதன் கீழே 2003; அதுவும் அடிக்கப்பட்டு, 'வீடு'. அதன் கீழே 2007; அதுவும் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

மகன் அந்த வெற்றிடத்தில் விரலை வைத்து, "இது எதற்கு, அத்தா?" என்று கேட்டார்.

"அந்த மூன்று வருடம் எதற்காக இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை" என்றார் பெரியவர்.